இன்ஜின் சூடாகும் வரை

தீவுச் சாலையில் டாலிகஞ்ச் தாண்டுவதற்குள் ஷாஹிதாவுக்கு நெஞ்சு பலமுறை அதிர்ந்துவிட்டது. தம்பி ஃபைசான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் காருக்குப் பின்னால் 'டப், டப்' என்று வெடித்தது. கூடவே சைலன்சர் வாயில் ஒரு சாண் நீளத்துக்கு நெருப்பு. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஓரமாக ஒதுங்கி, இந்தியில் திட்டினார்.

"இதுக்குத்தான் காரைக் கப்பல்ல ஏத்தி சென்னை வரைக்கும் போனியா?"

"ட்யூனிங், லாத்தா. காலை எடுத்தா கொஞ்சம் பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் எரியும். நம்ம ஏரியா லம்பா லைன்ல வேற எவன்கிட்டயும் இது கிடையாது."

"இருக்காது. அங்க மத்தவங்க தூங்கணும்ல."

ஃபைசான் சிரித்தான். ஷாஹிதாவால் சிரிக்க முடியவில்லை. மடியிலிருந்த சர்டிபிகேட் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காட்டைத் தாண்டி வடக்கே இருக்கும் ரங்கத் பள்ளியில் ஆசிரியை வேலை. இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நேற்றே பஸ்ஸில் கிளம்பியிருப்பாள். 'கவர்மென்ட் டீச்சரை நான்தான் கார்ல கொண்டுபோய் இறக்குவேன்' என்று இவன் அடம்பிடித்ததில் வாப்பா டிக்கெட்டையே ரத்து செய்துவிட்டார்.

ஜிர்காட்டாங் செக்போஸ்ட் வந்தது. இங்கிருந்து எல்லா வண்டிகளும் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போக வேண்டும். முந்தக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. வரிசையின் கடைசியில் நிறுத்தும்போது ஃபைசான் காலை எடுத்தான். டப்!

டீக்கடையிலிருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். கான்ஸ்டபிள் சந்திரசேகர் வேகமாக வந்தார்.

"பந்த் கரோ! ஆஃப் பண்ணுடா. இது வண்டியா, பந்தூக்கா? யாரோ சுடுறாங்கன்னு உள்ள இருக்கிறவங்க பயந்தா என்ன ஆகும்? இந்த வண்டி போகாது."

"சார், பெட்ரோல்ல கச்சரா சார். கிளீன் பண்ணிடறேன்."

"பண்ணிட்டுக் காட்டு. வெடிச்சா வாபஸ்."

ஃபைசான் பானெட்டைத் திறந்து வைத்தான். ரேடியேட்டர் மேல் தண்ணீர் ஊற்றினான். எதையோ திருகுவதுபோல் குனிந்தே நின்றான். வரிசை கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஷாஹிதா டீ வாங்கினாள், குடிக்காமலே வைத்தாள். இந்த வரிசையை விட்டால் அடுத்ததில் போய்ச் சேரும்போது பள்ளியே பூட்டியிருக்கும்.

ஒருவழியாக சந்திரசேகர் திரும்பி வந்து காருக்குப் பின்னால் நின்றார். ஃபைசான் உறுமவிட்டுக் காலை எடுத்தான். சத்தம் இல்லை. மறுபடி உறுமவிட்டான். ஒன்றும் இல்லை.

"டீக் ஹை. போ."

ஷாஹிதாவுக்கு உயிர் வந்தது. "பரவாயில்லையே! ரிப்பேர்கூட பண்ணுவியா?"

"ரிப்பேரா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணும் பண்ணல லாத்தா. இன்ஜின் ஆறிப்போச்சு. சூடு ஏறினாத்தான் வெடிக்கும்."

"ஏறினதும்?"

"அப்ப நடுக்காட்டுல இருப்போம். அங்கதான் யாரும் நிக்கக் கூடாதுல்ல, யார் வந்து பிடிப்பா?"

"வெடிக்காம ஓட்ட முடியாதா?"

"இறக்கத்துல காலை எடுத்துத்தானே ஆகணும்?"

முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆயின. டேஷ்போர்டில் சூட்டுமானியின் முள் அடிமட்டத்திலிருந்து மெல்ல அசைந்தது. ஷாஹிதா அதையே பார்த்தாள். அப்புறம் வரிசையைப் பார்த்தாள். மறுபடி முள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள்.

"லாத்தா! எங்க போறே? கிளம்பப் போறாங்க!"

நேராக சந்திரசேகரிடம் போனாள். "சார், அந்த வண்டி சரியாகல. ஆறிப்போனதால சும்மா இருக்கு. சூடானா உள்ள வெடிக்கும்."

அவர் புரியாமல் பார்த்தார். "நீங்க வந்த வண்டிதானே மேடம்?"

"தம்பி வண்டி."

"அப்ப நீங்க எப்படிப் போவீங்க?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. வரிசையில் நின்ற பஸ்ஸை நோக்கி ஓடினாள். கண்டக்டர் ஜன்னல் வழியாகவே கையை விரித்தார். அதற்கு முன்னால் ஒரு முட்டை லாரி. டிரைவர் பக்கத்தில் அதன் முதலாளி ரெங்கம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ரங்கத் வரைக்கும்... இன்னைக்கு வேலையில சேரணும்மா."

"யாரும்மா நீ? கார்ல வந்த பொண்ணுல்ல?"

"கார் வராதும்மா."

"ஏறு, ஏறு. இந்த ட்ரேயை மடியில வெச்சுக்கோ. ஒண்ணு உடைஞ்சாலும் ஆம்லெட் நீதான் சாப்பிடணும்."

ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். சந்திரசேகர் கையசைக்க, ஃபைசான் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் அவன் பார்க்கவில்லை.

காட்டுக்குள் லாரி ஊர்ந்தது. ஷாஹிதாவின் கால், ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல், தானாகவே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மேடு ஏறும்போது பரவாயில்லை. உச்சிக்கு வந்ததும் கால் இன்னும் அழுந்தியது. இறக்கத்தில் டிரைவர் காலை எடுத்தார்.

சாலையோரத்தில், கையெட்டும் தூரத்தில், ஒரு ஜாரவா தாய் நின்றிருந்தாள். அவள் முழங்காலைப் பிடித்தபடி ஒரு குழந்தை. தம்பியின் காரில் வந்திருந்தால் சைலன்சர் சரியாக அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக வந்திருக்கும். லாரி முனகியபடி கடந்தது. குழந்தை வண்டியைப் பார்க்கவில்லை, எதையோ மென்றுகொண்டிருந்தது.

"என்ன பொண்ணே, இவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்கே? முட்டை செத்துடும்" என்றார் ரெங்கம்மா. ஷாஹிதா கையைத் தளர்த்தினாள்.

தலைமையாசிரியர் அறைக்கு அவள் மூச்சிரைக்க நுழைந்தபோது பள்ளி விடும் மணி இன்னும் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. ஃபைசான்.

"சேர்ந்துட்டியா?"

"சேர்ந்துட்டேன்டா."

"வாப்பாகிட்ட சொல்லிடறேன்." பிறகு சட்டென்று, "இனிமே உன்கூட நான் கா."

போனை வைத்துவிட்டான்.