கண்ணாடியில் ஆரஞ்சு

ஹாரன் மேல் வைத்த கட்டைவிரலை அவள் எடுக்கவே இல்லை.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

முன்னால் போன சிவப்பு வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். உற்சாகமாகக் கையை ஆட்டினார். போய்க்கொண்டே இருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? தலையணையில் வாய் வைத்துக் கத்துகிற மாதிரிதான்.

இடது பக்கம் பாறைச் சுவர். வலது பக்கம் பள்ளத்தாக்கு. கீழே மேகம் பஞ்சுப் பொதி போலப் படுத்துக் கிடந்தது. அதற்கும் கீழே ஆறு ஒரு வெள்ளி நூல். வேறொரு நாளாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டி வாயைப் பிளந்து பார்த்திருப்பாள். இப்போது அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: வரிசைக்கு முன்னால், வளைவுக்கு வளைவு மின்னி மறையும் மஞ்சள் சட்டை. அவள் கொழுந்தன். தலைவன். பின்னால் பன்னிரண்டு பேரை இழுத்துக்கொண்டு, இல்லாத பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

கியரைக் குறைத்தாள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். சிவப்பு வண்டியை உரசாத குறையாகத் தாண்டினாள்.

"அண்ணி! நீங்க கடைசி! நீங்க கடைசி!" என்று பின்னாலிருந்து அலறல் கேட்டது. கிளப்பில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் ஆரம்பித்து வைத்தது, ஊருக்கே ஒட்டிக்கொண்டது.

அலறியதில் தப்பில்லை. அந்த மோட்டார்சைக்கிள் கிளப்பில் எதை மீறினாலும் மன்னிப்பு உண்டு, கடைசி வண்டி முந்துவதற்கு மட்டும் கிடையாது. முதல் வண்டிக்கு மஞ்சள் சட்டை, கடைசி வண்டிக்கு ஆரஞ்சு. நடுவில் போகிறவர்கள் கண்ணாடியில் ஆரஞ்சைப் பார்த்துவிட்டால் போதும்: யாரும் விட்டுப்போகவில்லை, எல்லோரும் பத்திரம். ஆரஞ்சு நம்மைத் தாண்டிப் போய்விட்டால் நமக்குப் பின்னால் நாதியில்லை. பிக்னிக் இடத்தில் கடைசி வண்டி வந்து நின்றால்தான் சாப்பாட்டுக் கூடையைத் திறப்பார்கள். அப்படியொரு மரியாதை அந்தச் சட்டைக்கு.

காலையில் அதை அவள் கையில் கொடுக்கும்போதே கொழுந்தனுக்கு மனசில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஊருக்குள்ள நல்லா ஓட்டுறீங்க. ஆனா மலை வேற. மூணு மாசமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட எங்களோட வரலையே?"

"உங்க அம்மாவை முழங்கால் பயிற்சிக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, நீங்களா?"

"அதுக்குச் சொல்லல..."

"பின்ன எதுக்குச் சொல்றீங்க?"

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவான். அண்ணியின் கேள்வியில் மாட்டினால் மட்டும் பட்டன் வேலை செய்யாது. தலையைச் சொறிந்தான். "இன்னைக்கு எல்லாரையும் பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்துட்டா நீங்க நிரந்தர உறுப்பினர். ஒரு தப்பு நடந்தாலும் அடுத்த வருஷம்தான் மறுபடி. சம்மதமா?"

"சம்மதம்."

வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். உள்ளே ஏதோ உருண்டையாக முட்டியது. "என்ன அண்ணி இது, பூசணிக்காயா?"

"உங்களுக்கு இல்ல. விடுங்க."

பக்கத்தில் நின்ற மாமியார் முகத்தைச் சுளித்தார். அவர் மூத்த மகனோடு, அதாவது அவள் கணவனோடு, சாப்பாட்டு வேனில் மலைக்குப் பின்பக்கத்துப் பெரிய சாலை வழியாக வருவதாக ஏற்பாடு. "வண்டியா அது? எருமை மாதிரி உறுமுது. இதுல ஏறி மலைக்கு வேற போறாளாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, வேனில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் எல்லாம் தேன் மாதிரிதான் போனது. ஏரிக்கரையில் தேநீர். யூகலிப்டஸ் வாசம். வெயிலும் நிழலும் சட்டை மாற்றி மாற்றிப் போடும் சாலை. கடைசியாகப் போவதிலும் ஒரு சுகம் இருந்தது: பதின்மூன்று வண்டிகளும் வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வதை மொத்தமாகப் பார்க்கிற பாக்கியம் ஆரஞ்சுச் சட்டைக்கு மட்டும்தான்.

வினை வந்தது சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டிப் பிரிவில்.

பிரிவு வருகிற இடத்திலெல்லாம் தலைவன் தனக்கு அடுத்தவரை அங்கே நிறுத்திவிட்டுப் போவான். நிற்கிறவர் எல்லோருக்கும் வழி காட்டிவிட்டு, ஆரஞ்சு வந்த பிறகுதான் அதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். தொட்டியடியில் நின்றவர் பேக்கரிக்காரர். ரொட்டி மாதிரி உப்பிய கையை நீட்டிக்கொண்டு நின்றார். கை வலது பக்கம் காட்டியது.

அவள் பிரேக் அடித்தாள். "அண்ணே, இடது பக்கம்தானே போகணும்?"

"வலதுன்னுதான் தலைவர் சொன்னார். போன்ல மேப் பார்த்துட்டார். குறுக்கு வழியாம், பாதி தூரம் மிச்சமாம்."

"அந்த வழியில பாலம் இல்லண்ணே! உடைஞ்சு போச்சு!"

"மேப்ல இருக்கே?"

"மேப்ல இருந்தா? வண்டியை மேப்லயா ஓட்டப் போறோம்?"

போனை எடுத்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பேக்கரிக்காரர் மிரண்டு விழித்தார். "பாலம் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது.

"நீங்க இங்கேயே நில்லுங்க. யார் வந்தாலும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்தான்.

இப்போது இரண்டாவது வண்டியைத் தாண்டினாள். மூன்றாவது. தாண்டும்போதெல்லாம் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினாள்: நில், நில். ஆரஞ்சுச் சட்டை முந்திப் போவதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். ஓவிய டீச்சரும் அவர் கணவரும் ஒரே வண்டியில் இருந்துகொண்டு, நிற்பதா போவதா என்று சண்டை போட்டுக்கொண்டே நின்றார்கள்.

சட்டை போய்விட்டது, அவளுக்குத் தெரியும். காலையில் கொடுத்த வாக்கு தண்ணீர்த்தொட்டியடியிலேயே உடைந்தாயிற்று. இன்று சாயங்காலம் அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர். போகட்டும். சட்டையை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம், கொழுந்தனை எங்கே போய் வாங்குவது?

சாலை குறுகியது. தார் பெயர்ந்து சரளைக்கல் பல்லைக் காட்டியது. எதிரே வளைவு, அதற்கப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. முன்னால் இரண்டு வண்டிகள் ஜோடி போட்டுப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆள் அகலம்.

அவள் வேலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. நாள் முழுக்க ஊரில் இருக்கிற நெஞ்சுக்கூட்டுக்கெல்லாம் ஒரே வசனம்தான்: மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க. அதை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். இழுத்தாள். பிடித்தாள். முழங்கைகளை விலாவோடு ஒடுக்கினாள்.

நுழைந்தாள்.

இரண்டு பக்கமும் கண்ணாடிகள் காற்றளவு இடம் விட்டு நழுவின. வெளியே வந்த பிறகுதான் விட்டாள், மூச்சை.

இனி மஞ்சள் ஒன்றுதான் பாக்கி.

ஹாரனை அமுக்கினாள். கொழுந்தன் கண்ணாடியில் பார்த்தான். அங்கேதான் அந்த மடத்தனம் நடந்தது. ஆரஞ்சு தன்னை முந்த வருகிறது என்று பார்த்ததும், அண்ணி பந்தயத்துக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டான்! ஆம்பளைக் கௌரவம் விருட்டென்று விரலுக்கு இறங்கியது. முறுக்கினான். அவன் வண்டி அவளுடையதைவிடப் பெரிது; கண்ணெதிரே இடைவெளி விரிந்தது.

"டேய், அறிவுகெட்டவனே!" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். ஹெல்மெட்டுக்குள் மரியாதை மூட்டை கட்டிக்கொண்டு போனது.

நேர்சாலையில் அவனைப் பிடிக்க முடியாது. வளைவில் முடியும். அடுத்த வளைவில் அவன் வெளிப்பக்கமாக அகலமாகப் போவான், அது அவன் பழக்கம், கடைசி வண்டியிலிருந்து காலை முழுக்கப் பார்த்திருக்கிறாள். பாறையோரமாக உள்ளே ஒரு வண்டிக்கு வழி கிடைக்கும். கியரை ஒரு படி கீழே தள்ளினாள், முழங்காலைப் பாறைக்குக் கொடுத்தாள், சாய்ந்தாள். பாறையில் கசிந்த தண்ணீர் முகக்கண்ணாடியில் தெறித்தது. ஒரு நொடி இருவர் தோளும் சமமாக ஓடின. அடுத்த நொடி அவள் முன்னால் இருந்தாள்.

வண்டியைக் குறுக்கே திருப்பினாள். இரண்டு பிரேக்கும். பின்சக்கரம் சரளையில் வழுக்கிக் கோணலாக நின்றது. கொழுந்தன் வண்டி கீச்சிட்டு, ஆடி, அவள் காலணிக்கு ஒரு சாண் தள்ளி மூச்சு வாங்கியது.

ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தான். "என்ன அண்ணி இது? பைத்தியமா? கடைசி வண்டி முந்தலாமா? அந்தச் சட்டையைக் கழட்டுங்க முதல்ல!"

அவள் சட்டையின் பட்டன்களைக் கழற்றிக்கொண்டே முகவாயால் முன்னால் காட்டினாள்.

"என்ன?"

"போய்ப் பாருங்க. நடந்து போங்க."

முணுமுணுத்துக்கொண்டே அடுத்த திருப்பத்தைத் தாண்டிப் போனான். பத்தடிதான் போயிருப்பான். முணுமுணுப்பு நின்றது.

சாலை இருந்தது. பிறகு சாலை இல்லை. தோசை பிய்ந்த மாதிரி என்று சொன்னால் கொழுந்தன் பிற்பாடு சிரிப்பான். அப்போது அவன் சிரிக்கவில்லை. தூண் ஒன்று ஒற்றையாக நின்றது, கீழே வெகு ஆழத்தில் ஆறு. ஓரத்துச் சாக்கடையில் ஒரு தார் டிரம் கவிழ்ந்து கிடந்தது. தடுப்பு இல்லை, பலகை இல்லை. திருப்பத்தில் அவன் வந்த வேகத்துக்கு, பிரேக் என்ற சொல்லைக்கூட நினைத்து முடித்திருக்க மாட்டான்.

திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்து, எட்டிப் பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் ஆரஞ்சுச் சட்டையை நீட்டினாள். "இந்தாங்க."

கொழுந்தன் வாங்கிக்கொண்டான். அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சள் சட்டையைக் கழற்றினான். எல்லோரும் பார்க்க அவள் கையில் வைத்தான்.

"நான் கடைசில வரேன் அண்ணி. நீங்க முன்னாடி போங்க. நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்களோ, அதுதான் வழி." "பாலம் இல்லன்னு எப்படித் தெரியும் அண்ணி?"

"பசிக்குது. மேல போய்ப் பேசலாம்."

வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. குறுகிய சாலையில் இருபக்கமும் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். சற்று முன் "நீங்க கடைசி!" என்று அலறிய சிவப்பு வண்டிக்காரர், இப்போது ஹாரனை விடாமல் அடித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மலை திருப்பிச் சொன்னது. தொட்டியடியில் பேக்கரிக்காரர் இன்னும் கையை நீட்டியபடியே நின்றார், இம்முறை இடது பக்கம். அவள் தாண்டும்போது அந்தக் கை சல்யூட் ஆனது.

இடதுபக்கச் சாலை வானத்தை நோக்கிச் சுருள் சுருளாக ஏறியது. ஒரு வளைவிலும் அவள் தயங்கவில்லை. எங்கே மணல் கிடக்கும், எங்கே நீர் கசியும், எங்கே மூன்றாவது கியர் போதும் என்று வண்டிக்கே தெரிந்த மாதிரி இருந்தது. கடைசிச் சுருளில் மரங்கள் விலகின. புல்வெளி, அதன் நடுவே நீலமாக ஏரி, கரையில் சாப்பாட்டு வேன். மஞ்சள் முன்னால், ஆரஞ்சு பின்னால், ஓர் ஆள் குறையாமல் இறங்கினார்கள்.

கூடை திறந்தது. ரொட்டியும் முட்டையும் ஆரஞ்சுப் பழமும் கை மாறின. பேக்கரிக்காரர் கதையை இரண்டாவது தடவை சொல்லும்போது பாலத்தின் நீளம் இரட்டிப்பாகியிருந்தது. "தலைவர் தடுப்பு எதுவும் இல்லாம நேரா பறக்கப் பார்த்தாரு!"

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். "தடுப்பு இல்லையா? போன வாரம் குறுக்கே தார் டிரம் வச்சிருந்தானே? அதை எந்தப் படுபாவி உருட்டிவிட்டான்?"

கொழுந்தன் மெல்ல எழுந்தான். "அம்மா... டிரம் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் ஏரியைப் பார்த்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க முழங்கால் பயிற்சிக்குல்ல போனீங்க?" என்றான் மூத்தவன்.

"ஆமா, போனேன். மூணு மாசமா வாராவாரம் போறேன்." மாமியார் பழத்தை மகன் கையில் திணித்துவிட்டு எழுந்தார். "அடியே, எடு அதை. திரும்பிப் போறப்போ நான் வேன்ல வர மாட்டேன், இவன் பாட்டு போட்டே சாகடிக்கிறான்."

அவள் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தாள். பூசணிக்காய் வெளியே வந்தது: சின்ன அளவில், தேய்ந்த வாரோடு, இரண்டாவது ஹெல்மெட். மாமியார் அதைக் கொண்டைக்கு மேல் கவிழ்த்து, குனிந்து பார்க்காமலே ஒரே கையால் கொக்கியை மாட்டினார்.

"பின்சீட்டுல ஏறி இறங்க காலை எவ்வளவு மடக்கணும் தெரியுமாடா? அதைவிட என்ன பயிற்சி வேணும் முழங்காலுக்கு?"