வெளியே கிடந்த ஃபோல்டர்

அமுதவள்ளியின் மடிக்கணினி வெள்ளிக்கிழமை மாலை அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது கிள்ளானில் இடி இடித்து மின்சாரம் போனது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டிருந்தது. மின்சாரம் வந்து திறந்தபோது நீலத் திரைதான் வந்தது. அணைத்துப் போட்டாள், மறுபடியும் நீலம். மறுநாள் காலை கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"சிஸ்டம் போயிருச்சுக்கா. ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டா நல்லா ஓடும்," என்றான் கடைக்காரப் பையன்.

"உள்ள இருக்கிறது?"

"அது போயிரும்லா."

அவள் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை அவள். கேள்வித்தாள்கள் போனால் திரும்பத் தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் காப்பார் கடற்கரைச் சேற்றில் நின்று வருடக்கணக்காக எடுத்த பறவைப் படங்களும் குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. அவற்றில் ஒரு பதிவு இருந்தது. அவளைத் தவிர அதை இன்னும் யாருமே கேட்டதில்லை.

போன மாதம் அலை ஏறும் நேரத்தில், பச்சைக்காலி உள்ளான்களின் கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் குட்டையாக, அலகு தடித்து, கால் மஞ்சளாக ஒரு பறவை நின்றதை அவள் பார்த்தாள். நார்ட்மன் பச்சைக்காலி. உலகத்தில் மிகக் குறைவாக எஞ்சியிருக்கும் பறவைகளில் ஒன்று. அவசரத்தில் எடுத்த படம் மங்கலாகத்தான் விழுந்தது. அதைப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குழுவில் எல்லாரும் மதிக்கும் சுகுமாறன் உடனே பதில் எழுதினார்: "டீச்சர், இது சாதாரண பச்சைக்காலி. மங்கலான படத்தை வச்சு அபூர்வப் பறவையை உண்டாக்கக் கூடாது." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அந்தச் சிரிக்கும் முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "கண்ணாடியை மாத்துங்க," என்று எழுதினாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்று அந்தப் பறவை பறக்கும்போது கத்தியதும் அவளுடைய ரெக்கார்டரில் பதிவாகியிருந்தது. காற்றின் இரைச்சல் அதை மூடியிருந்தது. இரைச்சலைக் குறைக்க வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்தவளுக்குத்தான் இப்படி ஆனது. ரெக்கார்டரின் மெமரி கார்டையும் அவள் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தாள்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் தோழி ருமானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சேற்றுக்குப் போகும்போதெல்லாம் கூட வருபவள் ருமானாதான்.

"சுகுமாறன் அண்ணன்கிட்ட கொண்டு போ. பங்சார் ஆபீஸ்ல அவருக்கு இதான் வேலை," என்றாள் ருமானா.

"அந்த ஆள்கிட்டயா? அது அழிஞ்சாதானே அவர் ஜெயிப்பார்?"

"அப்போ கடையிலயே குடுத்து அழிச்சிரு. அவருக்கு இன்னும் சுலபம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொமுட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் சுகுமாறனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். ஐம்பது வயதுக்காரர், கைலியில் இருந்தார். அமுதவள்ளியைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மிஸ்டர் சுகுமாறன்," என்று ஆரம்பித்தாள் அமுதவள்ளி. அந்த 'மிஸ்டரை'க் கேட்டதும் ருமானா சுவரைப் பார்த்தாள். "மறைக்கிறதுக்கு ஒன்னுமில்ல. நீங்க இல்லன்னு சொன்ன பறவையோட சத்தம் இதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது."

"குடுங்க, பார்ப்போம்," என்று சுகுமாறன் மடிக்கணினியை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"சிஸ்டத்தை ரீசெட் பண்றப்போ 'என் ஃபைலை வச்சிரு'ன்னு ஒன்னு கேக்கும். அது பாட்டுக்கு வச்சிரும்தான். ஆனா அதை மட்டும் நம்பி நான் கை வைக்க மாட்டேன். முதல்ல எல்லாத்தையும் வெளிய காப்பி எடுப்போம்."

ஒரு பென்டிரைவைச் செருகினார். அதிலிருந்தே வேறொரு சிஸ்டம் எழுந்து, நீலத்துக்குப் பதிலாக ஊதா நிறத்தில் ஒரு திரை வந்தது. அமுதவள்ளி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஆனால் அவளுடைய டிஸ்க்கைத் திறக்கப் போனதும் சாவி எண் கேட்டது.

"டிஸ்க் பூட்டியிருக்கு டீச்சர். நம்பர் இல்லாம யாராலயும் திறக்க முடியாது. என்னாலயும்தான்."

"நான் பூட்டலையே!"

"அதுவே பூட்டிக்கும். வாங்கினப்போ கடையில மெயில் கேட்டாங்களா? அந்த அக்கவுன்ட்ல நம்பர் இருக்கும்."

அமுதவள்ளி தன் கைப்பேசியில் அந்த அக்கவுன்டைத் திறக்கப் பார்த்தாள். பாஸ்வேர்ட் தவறு என்றது. இன்னொன்று போட்டாள், அதுவும் தவறு. "நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க," என்று சுகுமாறனிடம் சொல்லிவிட்டு ஒரு பறவையின் பெயரைத் தட்டினாள். திறந்துகொண்டது.

"மீன்கொத்தியா?" என்றார் சுகுமாறன், அந்தப் பக்கம் திரும்பியபடியே.

"எப்படித் தெரியும்?"

"எனக்கும் பாஸ்வேர்ட் அதான்."

ருமானா வாய்விட்டுச் சிரித்தாள். நீளமான அந்த எண்ணை அவளே சத்தமாக வாசிக்க, சுகுமாறன் தட்டினார். டிஸ்க் திறந்தது. படங்கள், ஆவணங்கள், கேள்வித்தாள்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகத் தொடங்கின. அது முடிவதற்குள் ருமானா கீழே போய் தே தாரிக் டீயும் வடையும் வாங்கி வந்தாள். காப்பியான படங்களில் சிலவற்றை சுகுமாறன் அங்கங்கே திறந்து பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத் திறந்தன.

"அவ்வளவுதானே? இனிமே ரீசெட் பண்ணலாம்ல?" என்றாள் அமுதவள்ளி.

சுகுமாறன் வடையைக் கீழே வைத்தார்.

"அந்தச் சத்தம் எங்க டீச்சர்?"

"டாக்குமென்ட்ஸ்ல இருக்கும்."

"இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

அவள் அவரை விலக்கிவிட்டுத் தானே தேடினாள். டெஸ்க்டாப்பில் இல்லை, டவுன்லோட்ஸில் இல்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "போச்சு," என்றாள்.

"இருங்க. எந்த சாஃப்ட்வேர்ல சுத்தம் பண்ணீங்க?"

அவள் பெயரைச் சொன்னாள். அவர் டிஸ்க்கின் முதல் மட்டத்துக்குப் போய், அங்கே கிடந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவசரப்படவேயில்லை. கடைசியில் அந்த சாஃப்ட்வேரே உண்டாக்கிய ஒரு ஃபோல்டரில் கை நின்றது.

"இதோ. உங்க பேர்ல இருக்கிற ஃபோல்டருக்கு வெளியவே போட்டு வச்சிருக்கு. 'ஃபைலை வச்சிரு'ன்னு நாம சொல்றது உங்க பேர் ஃபோல்டருக்குத்தான் பொருந்தும். இது தப்பியிருக்குமான்னு சந்தேகம்தான்."

அதை நகலெடுத்தார். பிறகு ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீங்களே கேளுங்க," என்றாள்.

அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே சாதாரணப் பச்சைக்காலியின் மெல்லிய மூன்று கூவல்கள் இல்லை. தொண்டையிலிருந்து கரகரப்பாக, ஒற்றையாக ஒரு கத்தல்.

"அடப்பாவி," என்றார், பறவையிடம் சொல்வது போல. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நார்ட்மன்தான் டீச்சர். அந்தப் படத்தைப் பார்த்து நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. சிரிச்சிருக்கவும் கூடாது."

ஒரு மாதமாக அவள் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் பல. அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"படம் மங்கல்தான் அண்ணே," என்றாள்.

பிறகு அவர் ரீசெட்டைத் தொடங்கினார். மடிக்கணினி அணைந்து எழுந்து, அணைந்து எழுந்து, கடைசியில் வணக்கம் சொன்னது. அவளுடைய படங்கள் அதனதன் இடத்தில் இருந்தன. சாஃப்ட்வேர்களைத்தான் காணவில்லை. "அதெல்லாம் திரும்பப் போட்டுக்கலாம். முதல்ல பேட்டரியை மாத்துங்க," என்று சொல்லி, வெளியே கிடந்த அந்த ஃபோல்டரையும் உள்ளே கொண்டுவந்து வைத்தார். அவள் கிளம்பும் முன்பே குழுவில் அவரே எழுதிவிட்டார்: "டீச்சர் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. சத்தம் கேளுங்க."

அடுத்த சனிக்கிழமை மூவரும் காப்பாருக்குப் போனார்கள். சுகுமாறன் புதுக் காலணி போட்டு வந்து, ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலைத் தூக்கியபடி ருமானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை ஏறியது. பறவைகள் கரைப்பக்கமாக ஒதுங்கி வந்தன. அமுதவள்ளி தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதற்குள் அவர் கத்தினார்:

"டீச்சர்! இடது பக்கம், அந்தக் கட்டைக்குப் பின்னால! மஞ்சக் கால்!"

கத்திய கத்தலில் கூட்டம் முழுவதும் பறந்துபோனது. அமுதவள்ளி சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.