பெட்டிக்குள் ஒரு பிரதி

1
ஒரு கட்டுரையிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கதை. பண்டாரவளைச் சங்கமொன்றின் ஆண்டு மலருக்கு, 'உலாவி மட்டுமே உள்ள பாரமற்ற இயங்குதளங்கள் மேசைக் கணினிகளை ஆளுமா?' என்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே உடனே சம்மதித்தேன்.

முதல் வரி: 'மனித நாகரிகத்தின் விடியலிலிருந்தே கணினியானது...'

(வேண்டாம். கிருஷாந்தியிடமிருந்தே தொடங்குகிறேன்.)

2
பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, படிவம் நிரப்பிப் பிரதி எடுத்துத் தரும் மயில்வாகனம் முதலாளியின் கடையில் கிருஷாந்தி வேலை செய்தாள். போன வருடம் பழைய கணினி புகைந்து செத்தது. அதனிடத்துக்கு மெல்லிய மடிகணினி ஒன்று வந்தது. உள்ளே உலாவி மட்டும், மற்றதெல்லாம் இணையத்தில். முதலாளி அதற்கு ரிப்பன் வெட்டி, 'பாரமற்ற கணினி நிலையம்' என்று பலகையும் மாட்டினார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. சந்தனப் பொட்டை எங்கே வைப்பது? திரையில் வைத்தால் எழுத்து மறைந்தது. விசையில் வைத்தால் விசை ஒட்டிக்கொண்டது.

"புள்ள, அந்தப் பழைய பெட்டிய எடுத்து வை," என்றார் முதலாளி.

"அதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே முதலாளி."

"பொட்டு வெளியிலதான வைக்கிறோம்?"

பழைய கணினியின் குடலுருவிய வெறும் பெட்டி மேசைக்குத் திரும்பியது.*

* நாலு கிலோ. பக்கத்து மிளகாய்க் கடைத் தராசில் நிறுத்தது.

3
தெமோதரைத் தோட்டத்து வீரய்யா வந்தபோது மணி மூன்றே முக்கால். வீட்டுக் காணி விண்ணப்பம் நான்கு மணிக்கு மூடப்படும். போன வருடம் அவர் கொடுத்தது, அனுப்புமுன்னே பழைய கணினியோடு எரிந்துபோனது.

அவர் கண்களில் மலையகத்தின் இருநூறு ஆண்டுத் துயரம்...

(அடித்துவிட்டேன். கண்புரைதான் இருந்தது.)

கிருஷாந்தி எல்லாவற்றையும் நிரப்பினாள். அவருடைய போனுக்கு ஆறு இலக்கம் வந்தது. அதைச் சொன்னால்தான் விண்ணப்பம் போகும். வீரய்யா போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டார்.

"போயி எங்க பாப்பா இருக்கும்?"

"இணையத்துல ஐயா. இதுக்குள்ள ஒண்ணும் தங்காது."

"போன வருசம் உள்ள வச்சு எரிச்சீங்க. இந்த வருசம் வைக்க எடமே இல்லங்கிறீங்க. நல்ல முன்னேற்றந்தான்!"

"அய்யோ, நேரம் போகுது, சொல்லுங்க!"

"ஒரு காப்பி எடுத்து அந்தப் பெட்டிக்குள்ள போடு. சொல்றேன்."

கிருஷாந்தி திருகாணி முடுக்கியை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது துருப்பிடித்திருந்தது. மூடியை வளைத்துத் தாளைச் செருகினாள். அவர் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, இலக்கங்களைச் சாவகாசமாகச் சொன்னார். மூன்று ஐம்பத்தொன்பதுக்கு விண்ணப்பம் போனது.

வரிசையில் நின்ற விஜயலெட்சுமி தன் அடையாள அட்டைப் படிவத்தை நீட்டினாள். "அக்கா, எங்களோடதையும் உள்ள போடுங்க."

மூன்று மாதத்தில் பெட்டி பதினொரு கிலோ ஆனது.

4
முடிவு (அ): விண்ணப்பம் வாங்கிய திணைக்களத்தின் இணையத்தளம் படுத்துவிடுகிறது, பெட்டி ஊரைக் காப்பாற்றுகிறது. முதலாளி மறுபடியும் ரிப்பன் வெட்டுவார் என்பதால் கைவிட்டேன்.

முடிவு (ஆ): காணி கிடைக்கிறது. மலர்க் குழுவுக்குப் பிடிக்கும். திணைக்களம்தான் இன்னும் ஒத்துழைக்கவில்லை. திரையில் இன்றும் 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது.

கட்டுரைக்கான பதில்: ஆளும். ஆண்டுகொண்டும் இருக்கின்றன. பொட்டு மட்டும் பெட்டிக்கு.

வெள்ளிதோறும் வீரய்யா வருகிறார். திரையைப் பார்ப்பதில்லை. பெட்டியைத் தட்டி, "இருக்கா பாப்பா?" என்கிறார்.

"இருக்கு ஐயா."

கிருஷாந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதற்குத் தேவையும் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் துணிவில்லை. ஆகவே வாசகரே, கழற்றிய அந்த மூன்று திருகாணிகளை நாங்கள் திரும்பப் பூட்டவில்லை. காணி கிடைத்ததென்று எழுதிய தாள் உங்களிடம் இருந்தால் அந்த இடுக்கு வழியாகச் செருகலாம். இல்லாவிட்டால், இல்லையென்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால் பஸ்ஸில் வருவார்.