போணி ஆகாத காலை

…காய்ச்சல் என்று படுத்துவிட்டிருந்தால் நன்றாக இருக்கும், வயிற்றுப்போக்கு என்றாலும் சரி, ஏதாவது ஒன்று வந்து இன்றைக்கு மட்டும் ஷரீஃபுதீன் பாய் கடை திறக்காமல் இருந்தால் போதும், ஆனால் அந்த மனிதருக்கு ஒன்றும் வராது, எங்கள் காஜா பெராங் பகுதி முழுக்க மலேரியாவில் நடுங்கியபோதுகூட வெற்றிலையை மென்றுகொண்டு தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இதோ எதிர்ச்சாரியில் பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிகிறது, எழுந்துவிட்டார். நான் என் கடைப் பலகைகளை எடுத்து அடுக்கியாகிவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம் திறந்தேன், விற்க என்ன கிடக்கிறது, மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் உப்பு, புழுத்த பயறு, பின்கட்டில் கோணிச் சாக்குக்கு அடியில் தேங்காய் எண்ணெய் டின். சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டுகிறது, சூரியன் மட்டும் பழைய மலாக்கா நேரத்துக்கே வருகிறது, அதற்கு உத்தரவு போட ஜப்பான்காரனுக்கு இன்னும் தோன்றவில்லை போலிருக்கிறது, அதனால் கடை திறக்கும் நேரம் என்று கடிகாரம் சொல்லும்போது தெரு இருட்டாகவே இருக்கிறது, மூன்றாவது வருஷமாக இப்படித் தூக்கம் கலைந்து எழுந்து எழுந்து உடம்பில் ஒரு அலுப்பு தங்கிவிட்டது, உட்கார்ந்தால் போகாத அலுப்பு, படுத்தாலும் போகாது. அந்தப் பெண் எந்நேரம் வருவாள்? வெளிச்சம் வந்ததும் வருவாள் என்றுதானே தம்பிராஜா மச்சான் சொன்னார், பாய் கடை திறந்ததும் முதல் ஆளாக.

வாசலில் விலைப் பலகை தொங்குகிறது. மேலே ஜப்பான் எழுத்து, கீழே மலாய். எண்ணெய்க்கு அதில் போட்டிருக்கும் விலைக்கு எண்ணெய் வாங்கின மனிதன் ஒருவனை எனக்குக் காட்டினால் அவன் காலில் விழுந்து கும்பிடுவேன். சரக்கு வருவதெல்லாம் குமியாய் என்று அவர்கள் வைத்த வியாபாரிகள் சங்கம் வழியாகத்தான் வர வேண்டும், வேறு யாரும் வாங்கக்கூடாது, வேறு யாரும் விற்கக்கூடாது, அந்தச் சங்கம் கொடுப்பதோ பூனைக்கு ஊற்றக் காணாது, ஆகவே எல்லாரும் கடலோரத்து ஆட்களிடம் ஒளித்து வாங்கி, ஒளித்து விற்கிறோம், பலகை விலை பலகைக்கு, எங்கள் விலை எங்களுக்கு. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, வயிற்றுப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் ஐந்து கடைக்காரர்கள் மச்சான் வீட்டில் உட்கார்ந்து, இதற்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று ஒரு விலை பேசிக்கொண்டோமே, பலகையைப் போல நாலு மடங்கு, அதைத்தான் என்ன சொல்வது. பாய் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வாங்கின விலைக்கு மேலே கொஞ்சம் வைத்து, தெரிந்த முகங்களுக்கு மட்டும், எங்கள் விலையில் பாதிக்கு ஊற்றிக்கொடுத்தார். காஜா பெராங் சனம் முழுக்க அவர் கடைப் பக்கம் சாய்ந்துவிட்டது, என் கடையில் ஈ காக்கைகூட இல்லை. எனக்குக் கோபம் இல்லையா என்றால் இருந்தது, இருக்கிறது, இந்தக் கிழவருக்கு மட்டும் என்ன தர்மப்பிரபு பட்டம் வேண்டிக் கிடக்கிறது என்று என் பெண்சாதி கோகிலாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நீங்களும் குறைச்சு வித்துப் பாருங்களேன் என்றாள்.

அப்புறம் விலைக்கண்காணிப்பு ஆபீஸிலிருந்து குமியாய்க்குச் சொல்லி அனுப்பினார்கள், அதிக விலைக்கு விற்கிற கடை ஒன்றை இந்தத் தெருவில் பிடித்தாக வேண்டும் என்று. "யாராச்சும் ஒருத்தர் கடைய காட்டணும் மாப்பிள்ளை, இல்லேன்னா எல்லாக் கடையும் போகும்," மச்சான் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், குமியாயில் எங்கள் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு, மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். எல்லாரும் குற்றவாளிகள்தான், ஆனால் காட்டுவது என்று வந்தபோது எல்லார் வாயிலும் ஒரே பெயர், ஷரீஃபுதீன், எங்களில் குறைவாகக் குற்றம் செய்தவர். பலகைக்கு மேலே ஒரு காசு வைத்தாலும் குற்றம்தானே என்றார் ஒருவர், சட்டம் படித்தவர் மாதிரி. ஆனால் பாய் அந்நிய முகத்துக்கு எண்ணெய் ஊற்ற மாட்டாரே, எப்படிப் பிடிப்பது? அதற்கும் மச்சானிடம் வழி இருந்தது, ஒரு பெண்ணைப் போத்தலோடு முதல் ஆளாக அனுப்புவது. "போணிக்கு வர்றவங்கள பாய் திருப்பி அனுப்புவாரா? சைத்தானே போத்தலோட வந்து நின்னாலும் ஊத்துவாரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா? சிரித்திருப்பேன். ஏனென்றால் அது பாயின் வழக்கம் மட்டும் இல்லை, எங்கள் எல்லாருடைய வழக்கமும்தான், பெட்டியில் முதல் காசு விழும்வரை வந்தவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது, கேட்டது இருக்கும்போது வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும், இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, கல்லாவில் உட்காருகிற அன்றைக்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. போணி ஆகிவிட்டால் பிறகு யாரை வேண்டுமானாலும் இல்லை போ என்று அனுப்பலாம்.

குருபோங் பக்கம் கடை வைத்திருந்த மருதமுத்துவை ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்களே, சீனியை ஒளித்து விற்றதற்காக. திரும்பி வந்தான். விரல்கள் இருந்தன, நகங்கள் இல்லை. வயிறு முட்டத் தண்ணீரைக் குடிக்கவைத்து அதன் மேல் ஏறி நின்றார்கள் என்று அவன் பெண்சாதி சொன்னாள், அவன் இப்போதெல்லாம் தண்ணீரைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான் என்று கேள்வி. பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த வயிறு தாங்குமா… ஏன் நான் இதை நினைக்கிறேன், காலையில் நினைக்கிற விஷயமா இது. பாயிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? பாய், இன்றைக்கு யார் கேட்டாலும் ஊற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் யார் என்று கேட்பார், அவர் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், தெருவில் நின்று தம்பிராஜாவைத் திட்டுவார், அப்புறம் அந்த ஐந்து பேரில் யார் வாய் திறந்தது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும். என் கடைக்கு வரும் உப்பும் அரிசியும் மச்சான் கையெழுத்தில் வருகிறது. கோகிலாவுக்கு அண்ணன். என் பிள்ளைகள் சாப்பிடுகிற கஞ்சி அது. இதைச் சொல்லிக்கொள்ளும்போது வெட்கமாக இருக்கிறது, வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

வந்துவிட்டாள். அங்சானா மரத்தடியில் நிற்கிறாள், புக்கிட் பாரு பக்கத்துப் பெண்ணாம், கையில் போத்தல், கழுத்தில் சிவப்புக் கயிறு, மச்சான் சொன்ன அடையாளம். எவ்வளவு ஒல்லி. புருஷனைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், இதைச் செய்தால் ஒரு மூட்டை அரிசி தருவதாகப் பேச்சாம். திருப்பத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், ஆபீஸ் அனுப்பின ஆளாகத்தான் இருக்கும், டயர் பார்க்கிற மாதிரி குனிந்திருக்கிறான். எதிரே பாய் முதல் பலகையை எடுக்கிறார், இருமுகிறார், அடுத்த பலகை… அவள் காலை எடுத்து வைக்கவில்லை, கல்லாவில் அவர் உட்காரட்டும் என்று பார்க்கிறாள் போல. முதல் ஆள். முதல் ஆளாக வேறு யாராவது போய்விட்டால்? அட, இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கினால் போதுமே, அதை எந்த மச்சான் குற்றம் என்று சொல்வார். செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு செம்மண்ணில் இறங்கிவிட்டேன், ஓடக்கூடாது, ஓடினால் அந்தச் சைக்கிள்காரன் பார்ப்பான், மெதுவாக, சோம்பேறியாக, வேலையற்றவன் மாதிரி.

"என்ன சேது, வெள்ளனவே வந்துட்டே. உன் கடையில இல்லாதது என் கடையிலயா இருக்கு?" பாய் அப்போதுதான் கல்லாவில் உட்கார்ந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சீரகம் பாய், கோகிலா கேட்டா, என்றேன். பக்கத்தில் அந்தப் பெண் வந்து நின்றுவிட்டாள், அவள் மூச்சு எனக்குக் கேட்டது, பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலில் வந்தவனுக்கு முதலில் என்று சீரகத்தைப் பொட்டலம் கட்டினார், மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக வைத்தார், போட்டிக் கடைக்காரனுக்குக் கொசுறு வைக்கிற ஆள் மலாக்காவிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டார். விழுந்தது. எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, கடைசியாக எப்போது சந்தோஷப்பட்டேன் என்றுகூட நினைவில்லை. "உன் கடையில போணி ஆச்சா?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொன்னால் எழுந்து வந்து எதையாவது வாங்கிக்கொண்டு போவார், எத்தனையோ நாள் அப்படிச் செய்திருக்கிறார், அவர் கடையை விட்டு இப்போது எழுந்திருக்க வேண்டாம், வந்தால் பேசுவார், பேசினால் நான் உளறுவேன்… ஆச்சு பாய் என்றேன். "அல்லா பரக்கத் தரட்டும்," என்றார்.

திரும்பி நடந்தேன், பின்னால் அவள் குரல், பிறகு பாயின் குரல், என்கிட்ட இல்லம்மா என்று. அப்பாடா. என் கல்லாவில் வந்து உட்கார்ந்தேன், சீரகத்தை முகர்ந்தேன், பழைய சீரகம், ஆனாலும் வாசனை இருக்கிறது. மச்சான் சாயங்காலம் வந்து குதிப்பார், குதிக்கட்டும், பொண்டாட்டி சீரகம் கேட்டாள் வாங்கப் போனேன், அவ்வளவுதான். நாளைக்கும் அவள் வருவாளோ? நாளைக்கும் நான் போய் எதையாவது வாங்க வேண்டுமோ, தினமும் போய் வாங்கிக்கொண்டே இருக்க முடியுமா, அலுப்பு மறுபடி வந்து தோளில் உட்காருகிறது. நிமிர்ந்து பார்க்கிறேன். பாய் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அவளிடம் இன்னும் ஏதோ சொல்கிறார், பெரிய மனிதர் பழக்கம், தன்னிடம் இல்லாவிட்டால் இருக்கிற இடத்தைக் காட்டி அனுப்புவது. கையை நீட்டுகிறார். என் கடையைப் பார்த்து நீட்டுகிறார்.

அவள் தெருவைக் கடக்கிறாள். திருப்பத்துச் சைக்கிள்காரன் நிமிர்ந்துவிட்டான், அவனும் இந்தப் பக்கம்தான் பார்க்கிறான், முகத்தில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. ஏன் இருக்கும்? ஆபீஸ் பாயைக் கேட்கவில்லையே. ஒரு கடை என்றுதானே கேட்டது, எந்தக் கடை என்று பெயர் வைத்தது நாங்கள், அவனுக்கு யார் வயிறாக இருந்தால் என்ன. "அண்ணே, கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா? பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு." பொய்யாக இருக்காது, அவள் கையிலும் சிரங்கு இருக்கிறது. இல்லை என்று சொல்ல வேண்டும், இரண்டு எழுத்து கூடுதலாக இல்லம்மா என்று சொன்னால் போதும், பாய் சொன்னாரே இப்போது, எவ்வளவு சுலபமாகச் சொன்னார், அவர் பெட்டியில் என் காசு இருக்கிறது. என் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன், தெரியாதா எனக்கு, வெறும் பலகை. எதிரே பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், நல்ல வியாபாரம் அனுப்பியிருக்கிறேன் என்கிற மாதிரி. கடை திறந்த நாளிலிருந்து இந்தப் பெட்டி காலியாக இருக்கும்போது அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. சொல்லத்தான் போகிறேன், வாயைத் திறந்துவிட்டேன், இல்லை என்றுதான்… போத்தலைக் கொடு என்கிறது ஒரு குரல், என் குரல் மாதிரிதான் இருக்கிறது, அதற்குள் இந்தக் கை ஏன் நீண்டது?