மத்தியானச் சலவை

மின்வாரிய வண்டி கடை வாசலில் வந்து நின்றதும் அவள் கண்ணில் முதலில் பட்டது அதன் மேல் கட்டியிருந்த ஏணிதான். கடையின் மின் இணைப்பை வெட்டத்தான் வந்திருக்கிறார்கள்.

"அண்ணி, அழுதுடாதீங்க. அழுதா மீட்டர் மாமாவுக்கு ஒரே கொண்டாட்டமா போயிடும்" என்றாள் நாத்தனார், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொழில் நடத்தினால் ஆறே மாதத்தில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் ஆரூடம் சொன்ன கடை அது. அப்படியொன்றும் நடக்கவில்லை. தெருக்கோடியில் ஒற்றை அறை, இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், துணி காயவைக்கும் இயந்திரம் ஒன்று, இரண்டு இஸ்திரி மேசைகள். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சாயங்காலம் துணியைப் போட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே வேண்டும் என்பார்கள். அதனால் பொழுது சாய்ந்ததும் எல்லா இயந்திரங்களும் ஒன்றாக ஓடும். உடனே தெருவில் விளக்குகள் மங்கும், மின்விசிறிகள் சோம்பல் முறிக்கும். கடையைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று ஆளைச் சேர்த்துக்கொண்டு அலைந்தவர் அடுத்த வீட்டுக்காரர். ஓய்வு பெற்றவர். தெருவில் முதன்முதலாக மாடியில் சோலார் பலகை போட்டவரும் அவர்தான். அவரைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போட்டுவிட்டார்கள். பலகையின் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி சுவரில் இருக்கிறது; நாளெல்லாம் அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் நாத்தனார் அவருக்கு வைத்த பெயர்தான் மீட்டர் மாமா.

வண்டியிலிருந்து இறங்கிய என்ஜினீயர் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் மாமா ஓடிவந்துவிட்டார்.

"சார், நல்ல வெயில் அடிக்கிற நேரமா பார்த்து என் பெட்டி செவப்பாகி நின்னுடுது. எல்லாம் இவங்க மெஷினாலதான்."

"ஏம்மா, இப்ப மெஷின் ஓடுதா?"

"இல்ல சார். மத்தியானம் இஸ்திரி மட்டுந்தான். அதுவும் ஒண்ணு."

என்ஜினீயர் கடைக்குள் வந்து மின் அழுத்தம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"சார், இது எல்லாருக்கும் பொதுவான கம்பி. பழசு, மெல்லிசு. மத்தியானம் வீட்ல யாரும் இருக்கறதில்ல. ஆனா எல்லா மாடியிலேர்ந்தும் கரண்ட் இதுக்குள்ளதான் வந்து விழுது. வாங்கிக்க ஆள் இல்லாம அழுத்தம் ஏறிடுது. நீங்க தெருக்கோடி, அதனால ரொம்ப ஏறுது. ஆபத்துன்னு உங்க பெட்டி தானா நின்னுக்குது. அதுமேல தப்பில்ல. இவங்கமேலயும் தப்பில்ல."

"அப்ப யார் மேல தப்பு?" மாமாவுக்கு யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தேவைப்பட்டார்.

"யார் மேலயும் இல்ல. தடிமனான கம்பி போடணும், அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இந்தக் கோடியில யாராவது மத்தியானத்துல நிறைய கரண்ட் இழுத்தா போதும்." அவள் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் ஒண்ணா போடுங்கம்மா, பாப்போம்."

"போடலாம் சார். துவைக்கத் துணி இல்லையே."

மாமா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது முகம் தெரியவில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் சேர்ந்த மூட்டை ஒன்று கால் முளைத்து நடந்து வந்தது. கடையை மூடவைக்கத் துடித்த மனிதர் கடையின் நடுவில் நின்று தன் வீட்டுத் துணியை இயந்திரத்துக்குள் திணித்தார். நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

சுடுநீர்ச் சலவை, உலர்த்தி, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மாமா தன் பெட்டியின் முன்னால் போய் நின்றார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பச்ச! பச்ச வந்துடுச்சு!"

"அண்ணி, ஒரே ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பாக்கலாமா?" நாத்தனார் காதோடு கேட்டாள்.

தப்புதான். ஆனால் இத்தனை நாள் கேட்ட பேச்செல்லாம் நினைவுக்கு வர, அவள் கை தானாக சுவிட்சுக்குப் போனது. இயந்திரங்கள் அடங்கின.

"ஐயையோ! போச்சு!"

என்ஜினீயரே சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். அவள் மறுபடி எல்லாவற்றையும் ஓடவிட்டாள். மாமா மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் பிடிபட்டது. கோபம் மூக்கு நுனிவரை வந்து, வந்த வழியே திரும்பிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

"தினமும் மத்தியானத்துல ஓட்டுவியாம்மா?"

"ஓட்டலாம் சார். ஆனா துணி ஒரு நாள் தாமதமா கெடைக்கும். ஜனங்க ஒத்துக்கணுமே. வேற கடைக்குப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

"அத எங்கிட்ட விடு."

அவளுக்கு எதிராக ஆள் சேர்த்த அதே செருப்போடு அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். இந்த முறை பேச்சு வேறு. ஒரு நாள் பொறுத்தால் உங்கள் பெட்டியும் பச்சையாக நிற்கும், சாயங்காலம் விளக்கும் மங்காது. சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் இத்தனை நாள் வீட்டிலேயே துவைத்த கம்பளி, சோபா உறையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள்.

இப்போது மத்தியானத்தில் கடை திமிலோகப்பட்டது. சாயங்காலம் வேலையில்லாமல் மிச்சமாகிப் போனது. கடை திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு பொழுதை அவர்கள் பார்த்ததே இல்லை. முதல் நாள் இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"சும்மா நிக்கறதுக்குப் பதிலா மேல வாங்களேன், பலகையெல்லாம் காட்டறேன்" என்றார் மாமா மாடியிலிருந்து.

படி ஏறிப் போனார்கள். அவர் பலகைகளைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார். நாத்தனார் பெரிய மனுஷியாகத் தலையாட்டினாள். அண்ணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்தாள். நடந்து நடந்து தேய்ந்த தெருவை மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். கீழே அவள் கடையின் தகரக் கூரையில், பகலெல்லாம் ஏறிய சூடு இன்னும் இறங்காத இடமாகப் பார்த்து, யார் வீட்டுப் பூனையோ நான்கு கால்களையும் நீட்டி மல்லாந்து படுத்திருந்தது.