மூடுபனி நேரம்

இப்போதெல்லாம் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் போதாதாம், சந்தோஷமும் வேண்டுமாம். நான் வாட்ச்மேனாக இருக்கும் காப்பிக்கொட்டை ஃபேக்டரியில், மூடுபனி நுழைந்தால் சொத்தைக் கொட்டை கண்ணுக்குத் தெரியாது. பொறுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புது மேனேஜர் பளிச்சென்று விளக்குப் போட்டார். மறுநாளே அவர்களில் ஒருத்தியான கனகா வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றாள்.

"வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"இருக்குதுங்க. ஆனா பனி வந்தா செத்த நேரம் மேகத்துல உக்காந்திருப்போமுங்க. அது போச்சுங்களே."

"மேகத்துலிருந்து உழுந்துராத, கண்ணு" என்றேன்.

"நீங்க கேட்டுல தூங்கறப்ப போறீங்களே, அதே எடந்தானுங்க!"

மேனேஜர் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார். ஜன்னல் வழியே பனி மெல்ல வந்து தட்டுகளை மூடியது, முகங்களை மூடியது. எங்கோ வளையல் சத்தம் மட்டும் மிதந்தது. கனகா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் மேனேஜரும் வாய் பிளந்து நின்றார்.

சோம்பலுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று முணுமுணுத்துக்கொண்டே நான் கேட்டுக்கு நடந்தேன்.