இரண்டும் இடது

யாருக்கும் அடிபடவில்லை என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். மழையில் கார் வழுக்கி, குறுகலான பாலத்தின் இரு கைப்பிடிச் சுவர்களிலும் மாறி மாறி மோதியது. முன் சக்கரங்களை மூடும் வளைந்த தகடுகளான இரண்டு ஃபெண்டர்களும் கிழிந்து தொங்கின. அதன் பிறகு என் கணவர் காரைத் தொடவில்லை. ஃபெண்டர் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்பார். இந்தப் பழைய வண்டிக்கு உதிரி பாகம் குதிரைக்கொம்பு, கையால்தான் தட்டிச் செய்ய வேண்டும், தனக்கு அதற்கு நேரமில்லை என்று பட்டறைக்காரரும் கைவிரித்துவிட்டார். அதைக் கேட்டபோது என் கணவரின் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. நிம்மதி தெரிந்தது.

அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது. வீட்டுக்குள் எங்களுக்குப் பேச்சு குறைவு. இருவரும் ஒரே சாலையைப் பார்த்தபடி போகும்போதுதான் அவர் மனம் திறப்பார். கார் நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. பேருந்தில் வேலைக்குப் போனார், பேருந்தில் திரும்பினார், சாப்பிட்டுப் படுத்தார். ஃபெண்டர் வந்துவிட்டால் அவருக்குச் சாக்கு இருக்காது. உதவப் போகிறேனா, அவர் ஒளிந்திருக்கும் கதவைப் பிடுங்கப் போகிறேனா என்று எனக்கே தெளிவில்லை. இருந்தும் இரும்புத் தகடு வாங்கி வந்தேன்.

நான் தையல்காரி. அளவெடுப்பது எனக்குப் புதிதல்ல. வீட்டுக்குப் பின்னால் கார் நின்ற கொட்டகையில், கசங்கிய ஃபெண்டரை ஓரளவு நிமிர்த்தி அதன்மேல் பழுப்புத்தாளைப் போர்த்தினேன். தாள் மடிப்பு விழுந்து நிற்கும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். தாள் போதாமல் கிழியும் இடத்தில் தட்டி விரிக்க வேண்டும். அந்த ஒரே தாளை மாதிரியாக வைத்து இரண்டு தகடுகளிலும் கோடு போட்டு வெட்டினேன். தடித்த ஜீன்ஸ் துணியில் பை தைத்து மணலை நிரப்பினேன். தகட்டை அதன்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டத் தட்ட, சப்பையாகக் கிடந்தது மெல்லக் குழிந்து வந்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, ஊர்ல சட்டை போடறவங்க எல்லாரும் தீர்ந்துட்டாங்களா? காருக்கு அளவெடுக்கறீங்க?"

கணவரோ கொட்டகைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

முதல் ஃபெண்டரை இடப்பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது. அந்தத் தெம்பில் இரண்டாவதையும் தட்டி முடித்து வலப்பக்கத்துக்கு எடுத்துப் போனேன். விளக்கு வரவேண்டிய முனை கதவைப் பார்த்தது. திருப்பினேன், குழி வெளியே வந்தது. இடப்பக்கத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டும் இடது.

துணியை நான் இரண்டாக மடித்துத்தான் வெட்டுவேன். இடதும் வலதும் தாமாகவே வந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதை யோசித்ததில்லை. இரும்பை மடித்து வெட்ட முடியாது என்று தெரிந்த எனக்கு, இரண்டாவது தகட்டில் கோடு போடும் முன் தாளைப் புரட்டிப் போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் நின்றதால்தானோ என்னவோ, கணவர் வந்து நின்றார். ஃபெண்டரைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார், இடப்பக்கம் வைத்தார், மறுபடி வலப்பக்கம் வந்தார்.

"கார்ல இன்னொரு இடப்பக்கம் இருக்கான்னு தேடிப் பாத்தேன். கெடைக்கல."

பாலத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அதன் நடுவில்தான் தோன்றியது: இடது கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினால் அது வலது கைக்குச் சேரும். சொன்னேன். இரும்பு என்ன துணியா என்றார். விளிம்பை இன்னும் மடிக்கவில்லை, அதனால் புரண்டாலும் புரளும் என்றேன்.

மேடு மேலே இருக்கும்படி மணல் பைமேல் கவிழ்த்தோம். அவர் இரு கைகளாலும் விளிம்பை அழுத்திக்கொண்டார். நான் ஓங்கித் தட்டினேன். தகடு முரண்டு பிடித்தது. பிறகு சட்டென்று நடுப்பகுதி பெரும் சத்தத்தோடு உள்ளே போனது. அவர் கைகளை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். 

"அன்னிக்கும் இதே சத்தம்தான்."

"தெரியும். நானும் பக்கத்துலதானே இருந்தேன்."

"உன் உசுரு போயிடுச்சுன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கவே பயமா இருந்துச்சு."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும். சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, மணல் படிந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காரைக் கண்டு பயப்படுகிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் பயந்தது பக்கத்து இருக்கையைப் பார்க்க என்று அப்போதுதான் புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சுத்தியை எடுத்தார். "நீ புடி. இந்த ஓரம் இன்னும் திரும்பல."

வலது ஃபெண்டர் வழவழப்பாக வரவில்லை. அரத்தால் எவ்வளவு தேய்த்தும் அம்மைத் தழும்புபோலத் தடங்கள் தெரிந்தன. போல்ட்டுகளை முடுக்கி, துருப்பிடிக்காதிருக்கச் சாம்பல் நிறப் பூச்சு அடித்தோம். ஒரு காலையில் அவர் சாவியைக் கேட்டார். தெருமுனை வரைக்கும்தான், ஏறு என்றார்.

ஏறினேன். கால்விரல்களை ஊன்றிக்கொண்டேன், பயம் எனக்கும் இருந்தது. அவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். முதல் கியரில் கார் ஊர்ந்தது.  கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த நாத்தனார் பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டினாள். கணவர் கண்ணாடியை இறக்கி, ஏறிக்கொள், கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

"வேணாம்ண்ணா, எனக்கு அவசரம்," என்று அவள் நடையை எட்டிப் போட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது கியருக்கு மாற்றினார்.